பிறகு பார்ப்பம்

2017ஆம் ஆண்டு மே 22ஆம் திகதி மாலை. தொலைக்காட்சிச் செய்தியில் அப்போதைய பிரித்தானியப் பிரதமர் தெரேசா மே பத்திரிகையாளர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்றார். நான்கு நாட்களுக்கு முன் தனது கட்சியின் தேர்தல் அறிக்கையில் வெளியிட்ட முதியோர் பராமரிப்புத் திட்டத்தில் அன்று காலை ஒரு பெரிய திருத்தத்தை அவர் அறிவித்திருந்தார். திட்டத்தை மாற்றிவிட்டீர்களே என்று கேட்டவர்களிடம், எதுவும் மாறவில்லை, எதுவும் மாறவில்லை என்று கைகளை விரித்துச் சொன்னார்.

அம்மா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு கொழும்பு வழியாக இங்கு வந்து சேர்ந்தவர். ஆங்கிலம் அதிகம் தெரியாது. ஆனாலும், "அவ என்னத்தையோ சளாப்புறா. என்னவாம்?" என்று கேட்டார்.

வயதுபோன ஆட்களைப் பார்க்கிற செலவை ஆர் கட்டுவது என்பதுதான் கதை என்றேன். அம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தம்பி, எனக்கு ஏலாமப் போனால் என்னையும் உந்த ஹோமுகளிலை கொண்டுபோய் விட்டிடுவியளோ?" என்றார்.

"இப்ப ஏனம்மா உந்தக் கதை? நீங்கள் நல்லாத்தானே இருக்கிறியள். அதைப் பிறகு பார்ப்பம்" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. விடமாட்டோம் என்று சொல்லியிருந்தால் அது பொய்யாகியிருக்கலாம். விடவேண்டி வரலாம் என்று சொல்ல நாக்கு எழவில்லை. நான் சொன்ன மூன்று வசனங்களில் ஒன்றையேனும் பிழை என்று யாரும் காட்டமுடியாது. முதலாவது ஒரு கேள்வி. கேள்வி பொய்யாக முடியாது. இரண்டாவது அன்றைக்கு உண்மை. மூன்றாவதும் உண்மையாகத்தான் போயிற்று: பிறகு பார்க்கத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அம்மா கேட்டதற்கான பதில் அந்த மூன்றிலும் இல்லை.

அன்று பிரதமரைப் பார்த்துச் சிரித்த எனக்கு, அடுத்த நிமிடமே நானும் அதே வேலையைத்தான் செய்தேன் என்பது விளங்கப் பல ஆண்டுகள் எடுத்தன. பொய்யும் சொல்லாமல் உண்மையும் சொல்லாமல் ஒருவரை அனுப்பிவைப்பது எந்த வகையான செயல்? அதற்கும் பொய்க்கும் எவ்வளவு தூரம்?

*

முதலில் அந்த மாலைச் செய்தியின் பின்னணியைச் சொல்லவேண்டும். இங்கிலாந்தில் வாழும் எம்மவர் பலருக்கு இது தெரியவருவது, பெற்றோரில் ஒருவரை ஆஸ்பத்திரி வெளியில் அனுப்பத் தயாராகும் நாளில்தான்.

1948 ஜூலை 5ஆம் திகதி பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவை தொடங்கியது. அதே நாளில் தேசிய உதவிச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. அது முதியோர் பராமரிப்பை உள்ளூராட்சி மன்றங்களின் கையில் கொடுத்தது. வைத்தியம் எல்லோருக்கும் இலவசம். பராமரிப்பு அவரவர் வசதியைப் பொறுத்தது. புற்றுநோய் வந்தவருக்கு சத்திரசிகிச்சையும் மருந்தும் வேண்டும். அதற்கு அரசு எவ்வளவும் செலவழிக்கும். மறதிநோய் வந்தவருக்கு வேண்டியது குளிப்பாட்டவும், உடுப்பு மாற்றவும், சோறு தீத்தவும் ஓர் ஆள். அது பெரும்பாலும் வைத்தியமாகக் கணிக்கப்படுவதில்லை. தேசிய சுகாதார சேவையே முழுச் செலவையும் ஏற்கும் ஒரு வழி இருக்கிறது. ஆனால் அந்த வாசல் மிகவும் ஒடுக்கமானது.

இங்கிலாந்தில் ஒருவருடைய சேமிப்பும் சொத்தும் 23,250 பவுண்ஸுக்கு மேல் இருந்தால் பராமரிப்புச் செலவு முழுவதும் அவருடையது. இந்த எல்லை 2010இல் வைக்கப்பட்டது. விலைவாசி எவ்வளவோ ஏறியும் அதற்குப் பிறகு உயர்த்தப்படவில்லை. தனியாக வாழ்ந்தவர் பராமரிப்பு இல்லத்துக்குப் போனால் அவருடைய வீட்டின் பெறுமதியும் இந்தக் கணக்கில் சேரும். துணைவரோ அறுபது வயதைத் தாண்டிய உறவினரோ அந்த வீட்டில் இருந்தால் சேராது. இலண்டனில் வாரத்துக்கு ஆயிரம் பவுண்ஸுக்கு மேல் கேட்கும் இல்லங்கள் பல. எண்பதுகளில் வந்து, பெற்றோல் நிலையத்தில் இரவு வேலையும் கடையில் பகல் வேலையும் செய்து வீடு வாங்கிய எங்கள் தலைமுறைக்கு இப்போது அறுபதும் எழுபதும் ஆகிறது. ஆகவே இது வெள்ளைக்காரரின் பிரச்சினை என்று இருந்துவிட முடியாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 65 வயதை அடைபவர்களில் பத்தில் ஒருவருக்கு மீதி வாழ்நாளில் ஒரு இலட்சம் பவுண்ஸுக்கு மேற்பட்ட பராமரிப்புச் செலவு வரும் என்று அன்ட்ரூ டில்நொட் தலைமையிலான ஆணைக்குழு 2011இல் கணித்தது. அந்தப் பத்தில் ஒருவர் யார் என்பது முன்கூட்டி யாருக்கும் தெரியாது. அந்தச் சுமையை அவர் தனியே தாங்குவதா, எல்லோரும் பகிர்ந்துகொள்வதா? கேள்வி இவ்வளவுதான். சின்னக் கேள்வி.

*

இதற்கு ஆட்சியாளர்கள் சொன்ன பதில்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கிறது.

1997இல் ரொனி பிளேயர் பிரதமராகி வந்த முதல் கட்சி மாநாட்டில், வீட்டை விற்றால்தான் முதியவருக்கு நீண்டகாலப் பராமரிப்புக் கிடைக்கும் என்ற நாட்டில் பிள்ளைகள் வளரக்கூடாது என்றார். ஓர் அரச ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 1999இல் அது, உடல் சார்ந்த பராமரிப்பை இலவசமாக்கலாம் என்றது. இங்கிலாந்து ஏற்கவில்லை. ஸ்கொட்லாந்து ஏற்றுக்கொண்டு 2002இல் நடைமுறைப்படுத்தியது. அங்கும் இல்லத்தில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் வசதியுள்ளவர் கட்டத்தான் வேண்டும். 2010இல் டில்நொட் ஆணைக்குழு. ஒருவர் வாழ்நாளில் கட்டும் தொகைக்கு ஏறத்தாழ 35,000 பவுண்ஸை உச்சவரம்பாக வைக்கலாம் என்று 2011இல் அது சொன்னது. 2014இல் பராமரிப்புச் சட்டம் நிறைவேறியது. உச்சவரம்பு 72,000 ஆகி 2016 ஏப்ரலில் வரும் என்றார்கள். 2015இல் அதை 2020க்குத் தள்ளினார்கள். 2017 டிசம்பரில் அதையும் கைவிட்டார்கள். 2017இல் வரும் என்று சொல்லப்பட்ட ஆலோசனை அறிக்கை 2018க்குப் போய், பிறகு வெளிவரவே இல்லை. 2019 ஜூலையில் பொரிஸ் ஜோன்சன் பிரதமராகப் பதவியேற்ற அன்று, தயாரித்து வைத்திருக்கும் தெளிவான திட்டத்தால் இந்த நெருக்கடியை ஒரேயடியாகத் தீர்ப்பேன் என்றார். திட்டம் 2021 செப்டம்பரில் வந்தது: உச்சவரம்பு 86,000, தொடங்குவது 2023 ஒக்டோபர். 2022இல் அதை 2025க்குத் தள்ளினார்கள். 2024 ஜூலையில் புதிய அரசின் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அதை இரத்துச் செய்தார். 2025 ஜனவரியில் இன்னுமோர் ஆணைக்குழு அறிவிக்கப்பட்டது. அதன் இறுதி அறிக்கைக்குக் குறிக்கப்பட்ட ஆண்டு 2028.

இந்த வரிசையில் அப்பட்டமான பொய் என்று கையில் பிடிக்கக்கூடியது மிகக் குறைவு. ஆணைக்குழு அமைப்போம் என்றார்கள், அமைத்தார்கள். ஆராய்வோம் என்றார்கள், ஆராய்ந்தார்கள். தள்ளிவைக்கிறோம் என்பதையும் சொல்லித்தான் தள்ளிவைத்தார்கள். ஒவ்வொரு வசனத்தையும் தனியே எடுத்தால் குற்றம் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து வைத்தால், 1997இல் அந்தக் கேள்வியைக் கேட்ட முதியவர்களில் பெரும்பாலானோர் பதில் கிடைக்காமலே செத்துப்போனார்கள்.

*

மழுப்பலை அறவியல் எப்படிப் பார்க்கிறது? எங்களுக்குத் தெரிந்த பழைய கதை தருமனுடையது. அசுவத்தாமன் இறந்தானா என்று துரோணர் கேட்கிறார். இறந்தது அந்தப் பெயர் கொண்ட யானை. தருமன் யானை என்ற சொல்லைத் தாழ்ந்த குரலில் சொல்லிவிடுகிறான். முழு வசனத்தையும் எழுதிப்பார்த்தால் அது உண்மை. ஆனால் அதுவரை நிலத்தில் படாமல் நான்கு விரற்கடை உயரத்தில் ஓடிய அவனுடைய தேர் அந்தக் கணமே நிலத்தில் இறங்கியதாகக் கதை சொல்கிறது. சொல் உண்மையா என்பதைத் தேர் பார்க்கவில்லை. துரோணர் எதை நம்பவேண்டும் என்று அந்தச் சொல் விடப்பட்டதோ அதைத்தான் பார்த்தது.

இன்னொரு கதை ஜெர்மனியத் தத்துவஞானி இமானுவல் காண்டினுடையது. கொலைகாரனுக்குக்கூடப் பொய் சொல்லக்கூடாது என்று 1797இல் எழுதிய கடுமையான மனிதர். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், மதம் பற்றி அவர் எழுதியதற்காகப் பிரஷ்ய மன்னன் இரண்டாம் பிரெடெரிக் வில்லியம் அவரைக் கண்டித்து ஆணை அனுப்பினான். தங்களுடைய மிக விசுவாசமான குடிமகன் என்ற முறையில் இனி இதைப் பற்றிப் பேசமாட்டேன் என்று காண்ட் பதில் எழுதினார். மன்னன் 1797இல் இறந்தான். அவருடைய குடிமகனாக இருந்தது முடிந்துவிட்டது, வாக்கும் முடிந்துவிட்டது என்று காண்ட் திரும்பவும் எழுதினார். அந்தச் சொற்களை வேண்டுமென்றே அப்படித் தெரிந்தெடுத்தேன் என்று 1798இல் வெளிப்படையாகவும் சொன்னார்.

தருமன் செய்ததும் காண்ட் செய்ததும் ஒரே வித்தைதான். ஆனால் முதலாவது எங்களை உறுத்துகிறது, இரண்டாவது உறுத்துவதில்லை. ஏன்? காண்டுக்கு முன் நின்றது அவருடைய வாயை அடைக்கக்கூடிய அதிகாரம். துரோணர் தருமனிடம் வந்தது, இவன் ஒருவன் சொன்னால் நம்பலாம் என்று.

இந்த வேறுபாட்டை எங்களுக்குப் புத்தகம் சொல்லித்தரத் தேவையில்லை. சோதனைச் சாவடிகளில், எங்கே போகிறாய், யாரைத் தெரியும் என்று துவக்கோடு நின்றவர்கள் கேட்டபோது நாம் எல்லோரும் பிடிகொடாமல் பேசப் பழகினோம். அதைப் பாவம் என்று எந்தக் கோயிலிலும் யாரும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்கக்கூடாத கேள்வியைப் பலமுள்ளவன் கேட்கும்போது மழுப்பல் பலவீனனின் மறைப்பு. கேட்க உரிமையுள்ள கேள்வியைப் பலவீனன் கேட்கும்போது பலமுள்ளவன் மழுப்பினால், அதே சொற்கள் வேறு செயலாகிவிடுகின்றன.

வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் சொல்லின் உண்மையை அதன் விளைவில் வைத்துத்தான் அளக்கிறார். யாருக்கும் தீங்கு தராததே வாய்மை என்கிறார். அந்த அளவுகோலை மழுப்பலுக்கும் வைக்கலாம். கேட்டவர் அந்தப் பதிலை வைத்து ஏதாவது செய்ய இருந்தாரா? செய்யமுடியாமல் போனதன் நட்டம் யாருக்கு?

வயதான ஒரு தம்பதி, அரசு உச்சவரம்பு கொண்டுவருமா இல்லையா என்பதை வைத்து வீட்டை விற்பதா, பிள்ளைகளோடு போய் இருப்பதா, சேமிப்பைத் தொடாமல் வைப்பதா என்று தீர்மானிக்கவேண்டியிருக்கிறது. இல்லை, கொண்டுவரமாட்டோம் என்று ஓர் அமைச்சர் சொன்னால் அவர்கள் திட்டுவார்கள். ஆனால் தங்கள் வழியைப் பார்ப்பார்கள். விரைவில் வரும் என்றால் காத்திருப்பார்கள். காத்திருக்கும் காலத்தில் ஒருவருக்கு நினைவு தப்பிவிடும். பிறகு தீர்மானிக்க அவர் இல்லை.

*

அரசியல்வாதிகளுக்காகவும் ஒரு வார்த்தை பேசவேண்டும். இந்த நாட்டு அரசியலில் நேராகப் பேசியவர்களுக்கு என்ன நடந்தது?

2010 தேர்தலுக்கு முன், பராமரிப்புச் செலவுக்கு எல்லோரிடமும் ஒரு கட்டாயப் பங்களிப்பை அறவிடுவது பற்றி அன்றைய தொழிற்கட்சி அரசு ஆலோசித்தது. எதிர்க்கட்சியான கொன்சர்வேட்டிவ் கட்சி கல்லறைக் கல்லின் படத்தோடு சுவரொட்டி ஒட்டியது. நீங்கள் சாகும்போது கோர்டன் பிறவுணுக்கு 20,000 பவுண்ஸ் வேண்டுமாம் என்று அதில் எழுதியிருந்தது. மரண வரி என்ற பேர் ஒட்டிக்கொண்டது. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு தெரேசா மே, வீட்டின் பெறுமதியையும் கணக்கில் எடுப்போம், ஒரு இலட்சம் பவுண்ஸை மட்டும் உங்களுக்கு விடுவோம் என்று தேர்தலுக்கு முன்னரே வெளிப்படையாக எழுதினார். இந்தத் தடவை மறுபக்கத்தார் மறதிநோய் வரி என்றார்கள். நான்கே நாளில் அவர் பின்வாங்கினார். ஜூன் 8ஆம் திகதி தேர்தலில் பாராளுமன்றப் பெரும்பான்மையை இழந்தார்.

ஆகவே அந்த 22ஆம் திகதி நாம் பார்த்தது, நேராகப் பேசியதற்கு அடி வாங்கிய ஒருவர் மழுப்பலுக்குத் திரும்பிப் போன கணத்தை. அவரைத் திருப்பி அனுப்பியவர்களில் வாக்காளரும் அடக்கம். செலவைச் சொன்னவரைத் துரத்திவிட்டு, செலவைச் சொல்லாதவரைத் தெரிவுசெய்து, பிறகு அரசியல்வாதிகள் பேய்க்காட்டுகிறார்கள் என்கிறோம்.

அமெரிக்காவிலும் இதே பாடம் இருக்கிறது. பராக் ஒபாமா தனது சுகாதாரச் சீர்திருத்தத்துக்கு ஆதரவு தேடிய காலத்தில், உங்களுக்குப் பிடித்த காப்புறுதித் திட்டத்தை நீங்கள் வைத்துக்கொள்ளலாம் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். 2013இல் இலட்சக்கணக்கானோருக்கு, உங்கள் திட்டம் நிறுத்தப்படுகிறது என்று கடிதம் வந்தது. அந்த நவம்பரில் ஒபாமா தொலைக்காட்சியில் வருத்தம் தெரிவித்தார். அந்தச் சீர்திருத்தத்தை நீக்கி அதைவிட நல்லதைத் தருவேன் என்று 2016இலிருந்து சொல்லிவந்த டொனால்ட் ட்ரம்ப்பிடம், 2024 செப்டம்பர் விவாதத்தில் திட்டம் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒரு திட்டத்துக்கான எண்ணக்கருக்கள் இருக்கின்றன என்றார். ஒபாமா சொன்னது பிழை. ஆனால் அது ஒரு வசனமாக இருந்தது, அதனால் பிடிபட்டது, மன்னிப்புக் கேட்கவும் வேண்டிவந்தது. எண்ணக்கருவுக்கு யாரும் மன்னிப்புக் கேட்கவேண்டி வராது. பொய்யை நான் நியாயப்படுத்த வரவில்லை. பிடி உள்ள பொய்யைவிடப் பிடியில்லாத சொல் குறைந்த குற்றம் என்று நாம் பழகிவிட்டோமே, அது சரியா என்றுதான் கேட்கிறேன்.

*

அம்மாவின் கேள்விக்குத் திரும்புகிறேன்.

நான் மழுப்பியது அன்பால் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அதில் அன்பும் இருந்தது. ஆனால் அந்த நேரத்தில் சங்கடப்பட இருந்தவர் அம்மா அல்ல. அவர் துணிந்துதான் கேட்டார். சங்கடப்பட இருந்தவன் நான்.

2019 இறுதியில் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்தது. சொற்கள் குழம்பின. பிறகு ஆட்களையும் மாறிப் பார்த்தார். இங்கு அவர் பெயரில் வீடோ சேமிப்போ இல்லாதபடியால் காசுக் கேள்வி எங்களுக்கு எழவில்லை. எழுந்தது மற்றக் கேள்வி. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். அம்மாவைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஆஸ்பத்திரியில் கூட்டம் வைத்தார்கள். ரொறன்ரோவிலிருந்து தங்கை தொலைபேசியில் இருந்தாள். 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டப்படி, தானே தீர்மானிக்க முடியாத ஒருவருக்காக முடிவெடுப்பவர்கள் அவர் முன்பு வெளிப்படுத்திய விருப்பங்களையும் கருத்தில் எடுக்கவேண்டும். ஆகவே அந்தச் சமூகசேவைப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டார்: எங்கே இருக்க விருப்பம் என்று அம்மா எப்போதாவது உங்களிடம் சொல்லியிருக்கிறாரா?

விபரமாகப் பேசியதில்லை என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார்.

அதுவும் பொய் இல்லை. விபரமாகப் பேசத்தான் நான் விடவில்லையே.

2017இல் அம்மாவால் விமானம் ஏறமுடியும். நெல்லியடியில் சின்னம்மா பெரிய வீட்டில் தனியாக இருந்தார். வா அக்கா என்று ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் வைத்துப் பார்க்க எங்களால் ஏலாமல் போகலாம் அம்மா என்று நான் அன்றைக்குச் சொல்லியிருந்தால் அவர் போயிருப்பாரோ, எங்களோடு இருக்கிறேன் என்று சொல்லியிருப்பாரோ தெரியாது. எதுவானாலும் அது அவருடைய தெரிவாக இருந்திருக்கும். நான் அவரிடமிருந்து எடுத்தது இரண்டரை வருடம்.

அம்மா பராமரிப்பு இல்லத்தில் பதினாறு மாதங்கள் இருந்தார். அதில் கொரோனாக் காலத்தில் யன்னலுக்கு வெளியில் நின்றுதான் பார்க்க முடிந்தது. அங்கு வேலை செய்த ஒரு வடமராட்சிப் பிள்ளை அவருக்குத் தமிழில் கதை சொல்லிச் சாப்பாடு தீத்தினாள். அவளை அம்மா சின்னம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

எங்கட ஆட்கள் தாய் தகப்பனை ஹோமில் விடமாட்டார்கள் என்று எங்கள் கூட்டங்களில் இன்னும் பேசுகிறோம். அந்த இல்லங்களில் வேலை செய்கிறவர்களிலும், அங்கு படுக்கையில் இருக்கிறவர்களிலும் எம்மவர் இருக்கிறார்கள். இதுவும் ஒரு மழுப்பல்தான். தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் எங்கள் மண்டபங்களுக்கு வந்து மாலை போட்டுக்கொண்டு வணக்கம் சொல்கிறார்கள். ஊர் நிலைமை பற்றிக் கேட்டால் ஆழ்ந்த கவலை தெரிவிக்கிறார்கள். நாமும் கைதட்டுகிறோம். அடுத்த தடவை வரும்போது முதியோர் பராமரிப்புக்கு யார் கட்டுவது, எவ்வளவு, எந்த ஆண்டிலிருந்து என்று மூன்று கேள்விகளைக் கேட்கலாம். ஒருவர் துணிந்து, வரியை உயர்த்தித்தான் செய்யவேண்டும் என்று சொன்னால் அவரைக் கூச்சலிட்டு இருத்தாமல் விடவும் வேண்டும். இரண்டாவது, முதலாவதைவிடக் கடினம்.

சென்ற மாதம் மகளைக் கூப்பிட்டு, எனக்கு ஏலாமல் போனால் என்ன செய்வது என்று பேசவேண்டும் என்றேன்.

"இப்ப ஏனப்பா உந்தக் கதை?" என்றாள்.

இப்போதுதான் பேசவேண்டும் என்று சொல்லி இருத்தினேன். ஒரு மணித்தியாலம் கதைத்தோம். எது என் விருப்பம், எது அவளால் ஏலும், எது ஏலாது என்று ஒரு தாளில் எழுதினோம். சிலவற்றுக்கு, "அது எனக்குத் தெரியாதப்பா" என்றாள். அதையும் அப்படியே எழுதி வைத்திருக்கிறோம்.